செம்பின் பச்சை: காப்பா, நோயா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவர் ஒருவர் எழுதியது

முன்னுரை

செம்பு இருக்குமிடத்தில் களிம்பும் இருக்கும். உயிரைப் பற்றி நிற்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உவமை தேடியபோது, செம்பைப் பற்றிய களிம்பையே எடுத்துக் காட்டினர். ஆகவே களிம்பு என்றாலே அழுக்கு, நீக்கப்பட வேண்டியது என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. நோம்பி வந்தால் வீட்டிலுள்ள செம்புப் போசிகளையும் குத்துவிளக்கையும் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் கொங்கு நாட்டுப் பெண்களின் வழக்கம். அது தவறன்று. ஆனால் எல்லாக் களிம்பும் ஒன்றா? எல்லாவற்றையும் தேய்த்து எடுக்கத்தான் வேண்டுமா?

மேலைநாட்டார் செம்பின் மீதும் வெண்கலத்தின் மீதும் படியும் நிறப் படலத்தைப் பாட்டினா என்று அழைத்து, அதனை அழகென்று போற்றுகின்றனர். நூறாண்டுகள் காத்திருக்க மனமின்றி, வேதிப் பொருள்களைக் கொண்டு ஒரே நாளில் அப்படலத்தை ஆக்கவும் செய்கின்றனர். ஒருவர் அழுக்கென்று நீக்குவதை மற்றொருவர் அழகென்று ஆக்குகிறார். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, எந்தப் பச்சை உலோகத்தைக் காக்கிறது, எந்தப் பச்சை அதனைத் தின்கிறது என்பதைக் காட்டுவதே வேதியியலின் வேலை. அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செம்பும் வெண்கலமும்

செம்பு நமக்குப் புதியதன்று. திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றது. பின்னலாடை இப்பகுதியின் பெயரை உலகறியச் செய்வதற்கு முன்பே, அங்குள்ள பட்டறைகளில் குடமும் தவலையும் அண்டாவும் உருவாகி வந்தன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில், ஓர் ஈமச் சின்னத்தினுள் சூதுபவளம் பதித்த வெண்கலப் புலியுருவம் கிடைத்தது. ஆகவே இம்மண்ணுக்கும் செம்புக்கும் உள்ள உறவு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது எனலாம்.

தூய செம்பின் அணு எடை 63.5, அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.9 கிராம், உருகுநிலை சுமார் 1,084 டிகிரி சென்டிகிரேடு. செம்புடன் வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம்; துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. நம் கோயில்களின் ஐம்பொன் திருமேனிகள் பெயரளவில் ஐந்து உலோகங்கள் கொண்டவை ஆயினும், அவற்றின் பெரும்பகுதி செம்பே. ஆகவே செம்புக்கு நேர்வது பெரும்பாலும் திருமேனிகளுக்கும் நேரும்.

இயற்கை தரும் படலம்

புதிதாகத் தேய்த்த செம்புத் தகட்டைக் காற்றில் வைத்தால், சில வாரங்களில் அதன் ரோஜா நிறம் மங்கிப் பழுப்பாகிறது. இது குப்ரஸ் ஆக்சைடு என்னும் செந்நிறச் சேர்மத்தின் மெல்லிய படலம். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும் சேர்ந்தால் நிறம் மேலும் கறுக்கும். இந்த முதற்படி நம் குண்டடம் பகுதி போன்ற மழை குறைந்த, காற்று மிகுந்த வறண்ட ஊர்களில் நீண்ட காலம் அப்படியே நின்றுவிடும். பச்சை நிறம் தோன்ற ஈரம் வேண்டும், காலமும் வேண்டும்.

ஈரமுள்ள இடங்களில் பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின், பழுப்புப் படலத்தின் மேல் பச்சை அரும்புகிறது. இப்பச்சை என்ன? ஈரக் காற்றிலுள்ள கரியமில வாயுவால் உண்டாகும் கார தாமிரக் கார்பனேட்டு என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அது முழு உண்மையன்று. 1929ஆம் ஆண்டில் வெர்னன், விட்பி என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர் பழைய கட்டடங்களின் செம்புக் கூரைகளிலிருந்து பச்சைப் படலத்தைச் சுரண்டி எடுத்துப் பகுப்பாய்வு செய்தனர். அதில் மிகுந்திருந்தது கார்பனேட்டு அன்று, கார தாமிர சல்பேட்டு என்று கண்டனர். நகரங்களில் நிலக்கரிப் புகை தந்த கந்தக-டை-ஆக்சைடே அதற்குக் காரணம். கடலோரங்களில் உப்புக் காற்றின் விளைவாகக் கார குளோரைடு உண்டாகிறது. மண்ணில் புதைந்த பொருள்களிலேயே கார்பனேட்டு மிகுதியாகக் காணப்படுகிறது. அதில் பச்சை நிறமுள்ளது மலக்கைட்டு, நீல நிறமுள்ளது அசுரைட்டு.

ஆக, பச்சை என்பது ஒரு நிறத்தின் பெயர். ஒரு பொருளின் பெயரன்று. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பச்சைக்குள் சல்பேட்டும் இருக்கலாம், கார்பனேட்டும் இருக்கலாம், குளோரைடும் இருக்கலாம். பின்வரும் செய்திகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

சல்பேட்டுப் பச்சை உலோகத்தை எவ்வளவு நன்றாகக் காக்கும் என்பதற்கு நியூயார்க் துறைமுகத்திலுள்ள சுதந்திர தேவி சிலை சான்று. 1886இல் அது நிறுவப்பட்டபோது அதன் நிறம் செம்பின் செந்நிறமே. மேலே போர்த்திய செம்புத் தகட்டின் கனம் சுமார் 2.4 மில்லிமீட்டர்தான். இருபதாண்டுகளில் பச்சை படரத் தொடங்கியதும் சிலைக்கு வர்ணம் பூசிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. பொதுமக்கள் எதிர்த்தனர். ஆராய்ந்த பொறியாளர்களும் அப்பச்சை உலோகத்தைக் காக்கும் போர்வையே என்றனர். சிலை அப்படியே விடப்பட்டது. நூற்றாண்டு நிறைவையொட்டி 1980களில் பழுது பார்த்தபோது, தகட்டின் கனத்தில் மிகச் சிறு பகுதியே குறைந்திருந்தது. உள்ளே தாங்கி நின்ற இரும்புச் சட்டங்கள்தாம் அரித்துப் போயிருந்தன. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளேயிருக்கும் இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிவிடும். செம்பின் நல்ல படலமோ உதிராமல் ஒட்டி நின்று, காற்றையும் நீரையும் தடுக்கும்.

மனிதன் ஆக்கும் படலம்

இயற்கை இருபதாண்டில் செய்வதை வேதியியல் இருபது நிமிடத்தில் செய்யவல்லது. சிற்பிகளும் உலோகக் கலைஞர்களும் கையாளும் முறைகள் பல. அவற்றுள் முக்கியமானவற்றைக் காண்போம்.

முதலாவது, பழுப்பும் கறுப்பும். பொட்டாசியம் கார்பனேட்டையும் கந்தகத்தையும் சேர்த்து உருக்கினால் ஈரல் நிறத்தில் ஒரு கட்டி கிடைக்கும். அந்நிறம் பற்றியே அதற்குக் கந்தக ஈரல் என்று பெயர். வேதியியலில் இது பொட்டாசியம் பாலிசல்பைடுகளின் கலவை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து கிராம் கரைத்து, அதில் தூய்மையான செம்பை நனைத்தால் தாமிர சல்பைடு படிந்து பழுப்பும் கறுப்பும் உண்டாகும். நம் பகுதியில் பருத்திக்குக் கந்தகச் சாயம் ஏற்றும்போது சோடியம் சல்பைடு பயன்படுத்துவதை அறிவோம். செம்பைக் கறுக்கச் செய்வதும் அதே சல்பைடு இனத்தின் வேலையே.

இரண்டாவது, சூடேற்றிப் பூசுதல். வெண்கலச் சிற்பத்தை ஊதுவிளக்கால் சூடாக்கி, நீர்த்த பெர்ரிக் நைட்ரேட்டுக் கரைசலைத் தூரிகையால் தடவினால் பொன்னிறம் முதல் செம்பழுப்பு வரை நிறம் வரும். தாமிர நைட்ரேட்டைத் தடவினால் பச்சையும் நீலப் பச்சையும் வரும். சூடு மிகுந்தால் பச்சை கருகிக் கறுப்பு ஆக்சைடாகிவிடும். நிறத்தைப் பார்த்துச் சூட்டைக் கூட்டிக் குறைப்பதே இதில் கைத்திறன்.

மூன்றாவது, ஆவி பிடித்தல். மூடிய பெட்டிக்குள் அடியில் அம்மோனியாக் கரைசலை வைத்து, உப்பு நீர் தெளித்த செம்பை அதற்கு மேலே தொங்கவிட்டால் ஓரிரு நாளில் மயில் கழுத்து நிறத்தில் நீலப் பச்சை பூக்கும். பார்க்க மிக அழகானது இதுவே.

நான்காவது, நவச்சாரம், உப்பு, வினிகர் மூன்றும் கலந்த கரைசலைப் பல நாள் தடவித் தடவி உலர்த்துவது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையில் இருக்கும் அதே நவச்சாரந்தான் இது. அதாவது அம்மோனியம் குளோரைடு. ஈயம் பூசும்போது சூட்டில் அது ஆக்சைடை நீக்கிச் செம்பைத் தூய்மையாக்குகிறது. இங்கோ ஈரத்தில் நெடுநேரம் தங்கிச் செம்பை அரித்துப் பச்சையாக்குகிறது. ஒரே பொருள், செய்முறை மாறினால் எதிர்மாறான வேலை செய்கிறது.

எம்முறையாயினும் இறுதியில் நன்றாகக் கழுவி, உலர்த்தி, இளஞ்சூட்டில் தேன்மெழுகு பூசி மெருகிடுவர். மெழுகு ஈரத்தைத் தடுத்து நிறத்தை நிலைக்கச் செய்யும்.

பீதரின் கறுப்பு

இக்கலை மேலைநாட்டாருக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டா. கருநாடக மாநிலம் பீதர் நகரில் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் பித்ரி வேலை, வேதிப் படலத்துக்குச் சிறந்த இந்திய எடுத்துக்காட்டாகும். துத்தநாகம் பெரும்பகுதியாகவும் செம்பு சிறு பகுதியாகவும் கலந்த உலோகத்தில் பாத்திரம் வார்த்து, அதில் வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் பதிப்பர். பின்னர் பீதர்க் கோட்டையின் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் நீரில் குழைத்து, சூடேற்றிய பாத்திரத்தின் மீது பூசுவர். உலோகம் மைபோல் கறுத்துவிடும். வெள்ளி மட்டும் வெண்மை மாறாது மின்னும். அம்மண்ணில் வெடியுப்பு உண்டு என்பர். கறுப்புக்கு உயிர் கொடுப்பது கலவையிலுள்ள சிறிதளவு செம்பே. தனித் துத்தநாகம் அவ்வாறு கறுப்பதில்லை.

ஏட்டுக் கல்வி பெறாத கைவினைஞர்கள் எந்த மண் உதவும், எது உதவாது என்று அறிந்திருந்தனர். சிலர் மண்ணை நாவில் வைத்துச் சுவைத்தே தேர்ந்தெடுப்பர். அவர்கள் அறிந்ததற்குக் காரணம் கூறுவது நம் பணி.

ஆய்வகத்தில் கண்டவை

நூலில் படித்ததைக் கண்ணால் காணும் விருப்பத்தால், எங்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் மாணவர் மூவர் சேர்ந்து சிறு சோதனை ஒன்றைச் செய்தோம். பாத்திரப் பட்டறையில் வெட்டி மிஞ்சிய செம்புத் தகட்டை எடைக்கு வாங்கி, ஒரே அளவான ஐந்து துண்டுகளாக நறுக்கினோம். உப்புத்தாளால் தேய்த்து, நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி, வடிநீரில் கழுவினோம். அதன்பின் விரல் படவில்லை. வியர்வையிலும் உப்பு உண்டல்லவா?

முதல் துண்டைக் கந்தக ஈரல் கரைசலில் நனைத்தோம். ஒரு நிமிடத்துக்குள் பொன், செம்மை, ஊதா, பழுப்பு என்று நிறங்கள் ஓடிக் கறுப்பில் நின்றன. படலத்தின் கனம் கூடக் கூட ஒளி மாறுபட்டுத் திரும்புவதே இந்நிற ஓட்டத்துக்குக் காரணம். இரண்டாம் துண்டைச் சூடாக்கித் தாமிர நைட்ரேட்டுத் தடவினோம். நீலப் பச்சை கிடைத்தது. மூன்றாம் துண்டுக்கு உப்பு நீர் தெளித்து அம்மோனியா ஆவி பிடித்தோம். இரண்டாம் நாள் மயில் நிறம் பூத்தது. நான்காம் துண்டுக்கு நவச்சாரமும் உப்பும் வினிகரும் கலந்து நாள்தோறும் தடவினோம்; ஒரு வாரத்தில் திட்டுத் திட்டாகப் பச்சை படிந்தது. ஐந்தாம் துண்டை ஒன்றும் செய்யாமல் வைத்தோம்.

பின்னர் ஐந்தையும் வடிநீரில் நன்கு அலசி, தனித்தனிக் குடுவையில் புது வடிநீரில் ஓரிரவு ஊறவிட்டோம். மறுநாள் அந்நீரில் சிறிது எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, வெள்ளி நைட்ரேட்டு விட்டோம். நாம் உப்புப் பகுப்பாய்வில் குளோரைடுக்குச் செய்யும் அதே சோதனைதான். இங்கு இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஊர்க் குழாய்த் தண்ணீரிலேயே குளோரைடு உண்டு; ஆகவே வடிநீர் அன்றி வேறு நீர் ஆகாது. மூன்றாம் துண்டில் அம்மோனியா ஒட்டியிருக்கும். அம்மோனியா இருந்தால் வெள்ளி குளோரைடு கரைந்து மறைந்துவிடும். ஆகவே நைட்ரிக் அமிலம் போதிய அளவு சேர்த்து, நீர் அமிலத்தன்மை அடைந்ததை லிட்மசால் உறுதி செய்தல் வேண்டும்.

முதல், இரண்டாம், ஐந்தாம் துண்டுகளின் நீர் தெளிவாகவே இருந்தது. மூன்றாம், நான்காம் துண்டுகளின் நீரில் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றியது. ஒரு வாரம் நாள்தோறும் நீரை மாற்றினோம். வீழ்படிவு குறைந்து மெல்லிய கலங்கலாயிற்று, முற்றிலும் மறையவில்லை. கண்ணுக்கு மிக அழகாக இருந்த மயில் நிறத் துண்டே குளோரைடை விடாது பிடித்திருந்தது. அதனால் என்ன கேடு என்பதை அடுத்துக் காண்போம்.

வெண்கல நோய்

அருங்காட்சியகங்களில் பணிபுரிவோர் அஞ்சும் சொல் ஒன்று உண்டு; அதுதான் வெண்கல நோய். நன்றாயிருந்த சிலையில் திடீரென்று வெளிர் பச்சைப் பொடி, ஊசிமுனை போன்ற புள்ளிகளாகத் தோன்றும். துடைத்தால் போய்விடும், சில நாளில் மீண்டும் வரும். புள்ளி குழியாகும், குழி பள்ளமாகும், விட்டுவிட்டால் சிலையே பொடியாகிவிடவும் கூடும். பண்டைக் காலத்தில் இதனை உண்மையாகவே தொற்றுநோய் போன்றதோ என்று ஐயுற்றவர்களும் உண்டு. 1890களில் பிரெஞ்சு வேதியியலறிஞர் பெர்த்தலோ, இது கிருமியின் வேலையன்று, குளோரைடின் சுழல்வினை என்று விளக்கினார்.

அச்சுழலைக் காண்போம். உலோகத்தை ஒட்டி, படலத்தின் அடியில் குப்ரஸ் குளோரைடு என்னும் வெளிறிய சேர்மம் தங்கியிருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே புகுந்தால் அதன் நான்கு மூலக்கூறுகள் மாறி, கார குப்ரிக் குளோரைடு என்னும் பச்சைப் பொடியையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகளையும் தருகின்றன. அவ்வமிலம் ஆக்சிஜன் துணையுடன் அடியிலுள்ள புதிய செம்பைத் தாக்கி, மீண்டும் குப்ரஸ் குளோரைடை ஆக்குகிறது. அது மறுபடியும் ஈரத்தோடு வினைபுரிகிறது. இவ்வாறு சிறிதளவு குளோரைடு பல சுற்று செம்பைத் தின்கிறது. கடன்பட்டவன் வட்டிக்கு வட்டி கட்டுவதுபோல, முதல் சிறிதாயினும் இழப்பு பெரிதாகிறது.

ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். மேலே தெரியும் கார குளோரைடுப் பச்சை தானே கொடியதன்று. கடலோரச் செம்பில் அது உறுதியான படலமாக நின்றுவிடுவதும் உண்டு. அடியில் மறைந்திருக்கும் குப்ரஸ் குளோரைடே நோயின் வித்து. காற்றின் ஈரப்பதம் சுமார் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இவ்வித்து உறங்கும். மேலே போனால் விழிக்கும். ஆகவே நோயுற்ற வெண்கலத்தை உலர்ந்த பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதே முதலுதவி.

காக்கும் பச்சையையும் தின்னும் பச்சையையும் வேறுபடுத்த எளிய அடையாளங்கள் சில உண்டு. நல்ல படலம் வழவழப்பாக, இறுக்கமாக, நகத்தால் சுரண்டினாலும் வராததாக இருக்கும்; நிறம் அடர்ந்திருக்கும். நோய்ப் பச்சை வெளிறி, பொடியாக, தொட்டால் விரலில் ஒட்டும். துடைத்த இடத்திலேயே மீண்டும் தோன்றும். ஐயம் எழுந்தால் பொடியில் சிறிது எடுத்து நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வெள்ளி நைட்ரேட்டு விட்டுப் பார்க்கலாம். வெண்ணிற வீழ்படிவு தோன்றினால் குளோரைடு உண்டென்று கொள்க.

எழும்பூர் ஆய்வகம்

இந்நோய்க்கு மருத்துவம் பார்ப்பதில் தமிழ்நாட்டுக்குத் தனிப்பெருமை உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டிலேயே வேதியியல் முறைப் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் எஸ். பரமசிவன் அங்குப் பணியாற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் நிறங்களையும் பூச்சையும் ஆராய்ந்தவரும் அவரே. மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலங்கள் உப்பேறி நோயுற்றிருந்தன. அவற்றை மின்னாற்பகுப்பு முறையில் அவர் குணப்படுத்தினார்.

இரண்டாம் ஆண்டு மாணவரும் புரிந்துகொள்ளக்கூடிய முறை அது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சிலையை எதிர்மின்வாயாகவும் இரும்புத் தகட்டை நேர்மின்வாயாகவும் அமைத்து, குறைந்த மின்னோட்டம் செலுத்துவர். சிலையின் மீது ஹைட்ரஜன் தோன்றும். தாமிரச் சேர்மங்கள் ஒடுக்கமடையும். குளோரைடு அயனிகள் சிலையை விட்டு நேர்மின்வாயை நோக்கி நகரும். பல நாள் ஊறிய பின், கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட்டு கலங்காத வரை வடிநீரில் மீண்டும் மீண்டும் அலசுவர்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. நோய்ப் பச்சையோடு நல்ல படலமும் போய்விடும். நுண்ணிய வேலைப்பாடு சில வேளை உலோகத்தில் அன்றிப் படலத்தில்தான் எஞ்சியிருக்கும். அதுவும் உடன் போய்விடும். ஆகவே பிற்காலத்தில் மென்மையான முறைகள் வந்தன. சோடியம் செஸ்குவிகார்பனேட்டுக் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை மட்டும் இழுத்தல் ஒன்று. 1960களில் பயன்பாட்டுக்கு வந்த பென்சோட்ரையசோல் என்னும் கரிமச் சேர்மத்தைச் சாராயத்தில் கரைத்து ஏற்றுதல் மற்றொன்று. அது செம்புடன் இணைந்து கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலமாகிறது. அளவுக்கு மிஞ்சிச் சுத்தம் செய்வதும் ஒருவகை அழிவே என்பது இன்று பாதுகாப்பாளர் அனைவரும் ஒப்பும் கொள்கை.

போலியும் உண்மையும்

செயற்கைப் படலக் கலைக்கு இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. புதிதாக வார்த்த சிலைக்கு நவச்சாரமும் உப்பும் பூசி, மண்ணில் புதைத்து எடுத்து, ஆயிரம் ஆண்டுப் பழமை என்று விற்போர் உலகெங்கும் உளர். கும்பகோணத்தை அடுத்த சிவபுரம் கோயில் நடராசர் வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டியது. 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த அவ்வெண்கலங்கள் செப்பனிடுவதற்காக வெளியே தரப்பட்டன. பின்னர்க் கோயிலுக்கு வந்தவை மூலங்கள் அல்ல, பிரதிகள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965இல் வெளியிட்ட நூலால் உண்மை வெளிப்பட்டது. மூல நடராசர் கடல் கடந்து, 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையின் கைக்குப் போய், நீண்ட வழக்குக்குப் பின் 1986இல்தான் இந்தியாவுக்குத் திரும்பினார்.

பழமையைச் சோதிக்கப் படலமே ஒரு சாட்சி. நூற்றாண்டுகளாக வளர்ந்த படலத்தைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், வெளியே பச்சைக் கார்பனேட்டு, அதன் அடியில் செந்நிறக் குப்ரஸ் ஆக்சைடு, அதற்கும் அடியில் உலோகத்தின் படிகங்களுக்கிடையே வேர்போல் ஊடுருவிய அரிமானம் என அடுக்கடுக்காகத் தெரியும். ஒரு வாரத்தில் ஆக்கிய பச்சையோ பளபளப்பான உலோகத்தின் மீது நேரே உட்கார்ந்திருக்கும். செந்நிற அடுக்கு இராது, அல்லது மிக மெலிந்திருக்கும். பசையில் குழைத்த பச்சைப் பொடியாயின் அசிட்டோனில் நனைத்த பஞ்சிலேயே வந்துவிடும். ஆகவே பழைய சிலையின் பச்சையைத் தேய்த்து எடுத்துவிட்டால், அது தன் வயதைச் சொல்லும் நாவை அறுத்தது போலாகும். களவு போன சிலை மீண்டும் கிடைக்கும்போது, இது எங்கள் ஊர்ச் சிலை என்று மெய்ப்பிக்க அப்படலமும் அதில் ஒட்டிய மண்ணும் துணைநிற்கக் கூடும்.

புளியும் சாம்பலும்

இனி வீட்டுக்கும் கோயிலுக்கும் வருவோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். புளி களிம்பை எடுக்கும் என்பது என் தாயாருக்குத் தெரியும். எடுப்பது டார்டாரிக் அமிலம் என்பது எனக்கு இங்கு வந்த பின் தெரிந்தது. அவ்வமிலம் ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைக்கிறது. சாம்பலும் செங்கல் தூளும் உராய்ந்து மீதியை எடுக்கின்றன.

உண்ணும் பொருள் படும் பாத்திரத்துக்கு இது மிகச் சரி. தாமிர உப்புகள் உடலுக்குத் தீங்கானவை. களிம்பேறிய செம்பில் சமைப்பதும், செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பும் மோரும் வைப்பதும் ஆகா. அதனால்தான் நம் முன்னோர் உள்ளே ஈயம் பூசினர். ஆனால் பாத்திரத்துக்கு நல்லது திருமேனிக்கு நல்லதாகிவிடாது. குடம் தேய்ந்தால் அனுப்பர்பாளையத்தில் வேறு வாங்கலாம். திருமேனி தேய்ந்தால் எங்கே வாங்குவது? ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் படலத்தோடு உலோகமும் சிறிது போகிறது. நூற்றாண்டுகளாக நீராட்டியும் தேய்த்தும் முகத்தின் கூர்மை மழுங்கிய செப்புத் திருமேனிகள் தமிழகத்தில் பல உள்ளன. அன்போடு செய்ததே அவற்றைத் தேய்த்தது.

இன்று புளியினும் கொடியவை கடையில் கிடைக்கின்றன. கழிவறை கழுவும் அமிலத்தில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதனைச் செம்பின் மீது ஊற்றினால் ஒரு நொடியில் பளிச்சென்று ஆகும். ஆனால் நுண்துளைகளில் குளோரைடு தங்கிவிடும். பளபளப்பைப் பார்த்து நாம் மகிழும்போதே, மேலே கூறிய சுழல்வினைக்கு நம் கையால் வித்திட்டவர்களாகிறோம். சலவைத்தூள் கரைசலும் அவ்வாறே தீது. அதிலும் சலவைத்தூளையும் அம்மோனியாவையும், அல்லது சலவைத்தூளையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்த்தல் ஆகாது. நச்சு வாயு வெளிப்படும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. செம்பின் மீதுள்ள நிறம் அழுக்கன்று. அது செம்பும் காற்றும் நீரும் சேர்ந்து எழுதிய வரலாறு. அவ்வரலாற்றில் பெரும்பகுதி உலோகத்தைக் காக்கிறது. குளோரைடு எழுதிய பகுதி மட்டுமே அதனை அழிக்கிறது. எது எதுவென்று நிறம் சொல்லாது. சோதனைக் குழாய் சொல்லும். செயற்கையாக நிறமேற்ற விரும்புவோர் சல்பைடு, நைட்ரேட்டு முறைகளைக் கையாள்வது நன்று. குளோரைடு முறையைக் கையாண்டால், கழுவிய நீர் வெள்ளி நைட்ரேட்டில் கலங்காத வரை அலசி, உலர்த்தி, மெழுகிடல் வேண்டும். கையுறையும் காற்றோட்டமும் எப்போதும் தேவை. கந்தக ஈரலோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படும் என்பதை மறக்கலாகாது.

நம்மில் பலர் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கோயில் உண்டு. கோயிலில் செப்புத் திருமேனியோ, மணியோ, விளக்கோ உண்டு. குடமுழுக்கு வரும்போது பழையதைப் புதிதுபோல் ஆக்கவேண்டும் என்ற ஆர்வம் ஊராருக்கு எழுவது இயல்பு. அப்போது அமிலப் புட்டியைக் கையிலெடுப்பவரிடம், ஐயா, சற்றுப் பொறுங்கள், முதலில் சோதித்துப் பார்ப்போம் என்று சொல்ல ஊருக்கு ஒருவர் வேண்டும். வெளிர் பச்சைப் பொடி கண்டால் தேய்க்காமல், உலர்ந்த இடத்தில் வைத்து, அருங்காட்சியகத் துறைக்கு எழுதச் சொல்ல வேண்டும். அதனைச் சொல்லும் தகுதியை இவ்வேதியியல் வகுப்பு நமக்குத் தந்திருக்கிறது. நாம் கற்ற குளோரைடுச் சோதனை தேர்வுத் தாளோடு முடிந்துவிடாமல், நம் ஊர் வெண்கலங்களுக்கும் பயன்படட்டும்.